டேட்டா உள்ளேதான் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை: டேட்டாபேஸ் தொடங்கும்போது கவனிக்க வேண்டிய 'லோக்கேல்'

ஒரு பேரூராட்சி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். திங்கள்கிழமை காலை. சொத்து வரி கட்ட ஒரு பெரியவர் கவுன்டரில் நிற்கிறார். அவருடைய வரிவிதிப்பு எண் 11. ஊழியர் எண்ணைத் தட்டித் தேடுகிறார். திரையில் எதுவும் வரவில்லை.

"ஐயா, உங்க நம்பர் சிஸ்டத்துல காட்டலையே."

"போன வருஷம் இதே கவுன்டர்லதானேம்மா கட்டினேன். ரசீதுகூட இருக்கே!"

ரசீது உண்மை. பெரியவர் சொல்வதும் உண்மை. ஊழியர் சரியாகத்தான் தேடினார். கம்ப்யூட்டருக்குள் பெரியவரின் பதிவும் அழியாமல் அப்படியே இருக்கிறது. ஹேக்கர் யாரும் வரவில்லை, ஹார்ட் டிஸ்க் பழுதாகவில்லை. சனிக்கிழமை இரவு, சர்வரில் இருந்த பழைய லினக்ஸை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட்டார்கள். நடந்தது அவ்வளவுதான்.

வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்க, ஊழியர் வேறு வழியில்லாமல் 11-ஐப் புதிய எண்ணாகப் பதிவு செய்கிறார். ஒரே எண்ணை இரண்டு முறை பதிய அந்த மென்பொருள் விடாது. விடக்கூடாது என்றுதான் கட்டியிருக்கிறார்கள். ஆனால், இந்த முறை மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. இப்போது ஒரே வீட்டுக்கு இரண்டு பதிவுகள். ஒன்றில் பத்து ஆண்டு வரி கட்டிய கணக்கு, இன்னொன்றில் வெறும் பூஜ்யம்.

இந்த அலுவலகம் கற்பனை. ஆனால், இதே மாதிரியான சிக்கல் உலகம் முழுக்கப் பல டேட்டாபேஸ்களில் உண்மையாகவே வந்திருக்கிறது. இதன் வேர், டேட்டாபேஸை முதன்முதலில் தொடங்கும்போது பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு அமைப்பில் இருக்கிறது. அதன் பெயர் 'லோக்கேல்'.

லோக்கேல் என்றால் என்ன?

எந்த மொழி, எந்த நாட்டு வழக்கப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் விதிகளின் தொகுப்புதான் லோக்கேல். 'ஆங்கிலம் – அமெரிக்கா' ஒரு லோக்கேல். 'தமிழ் – இந்தியா' இன்னொன்று. லினக்ஸில் 'தமிழ் – இலங்கை' என்றும் தனியாக ஒன்று உண்டு.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். சுருக்கமாக போஸ்ட்கிரெஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பதால், சின்ன ஸ்டார்ட்-அப் முதல் பெரிய நிறுவனங்கள் வரை புழங்குகிற மென்பொருள் இது. இதில் லோக்கேல் முக்கியமாக ஆறு விஷயங்களைத் தீர்மானிக்கிறது: சொற்களின் வரிசை, எழுத்துகளின் வகை, பிழைச்செய்திகளின் மொழி, பணத்தை எழுதும் முறை, எண்களை எழுதும் முறை, தேதியை எழுதும் முறை.

இந்த ஆறில் கடைசி நான்கும் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை. தேதி அமைப்பை 'தமிழ் – இந்தியா' என்று மாற்றிக்கொண்டு, மாதப் பெயரை உள்ளூர் மொழியில் கேட்டால் 'ஜனவரி' என்று தமிழிலேயே வரும். பிடிக்கவில்லையா? திரும்ப மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

முதல் இரண்டும் அப்படியல்ல. எந்தச் சொல் முன்னால், எந்தச் சொல் பின்னால் என்ற வரிசை விதிக்கு 'கொலேஷன்' என்று பெயர். எது எழுத்து, எதன் பெரிய எழுத்து எது என்பவை எழுத்து வகையில் அடங்கும். ஒரு டேட்டாபேஸை உருவாக்கும்போது இந்த இரண்டுக்கும் என்ன மதிப்பு கொடுக்கப்படுகிறதோ, அந்த டேட்டாபேஸின் ஆயுள் முழுக்க அதுதான். பிறகு மாற்ற வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்குக் குடிமாற்ற வேண்டும்.

தொடங்கும்போது என்ன நடக்கிறது?

போஸ்ட்கிரெஸை நிறுவியதும் முதலில் ஓட வேண்டிய கட்டளை 'இனிட்டிபி'. டேட்டா இருக்கப்போகும் கோப்புறைகளை உருவாக்கி, மூன்று தொடக்க டேட்டாபேஸ்களையும் தயார்செய்து தருவது இதன் வேலை. அடுத்தடுத்து உருவாக்கும் டேட்டாபேஸ்கள் எல்லாம் இவற்றில் ஒன்றை அச்சாக வைத்தே பிறக்கும்.

எந்த லோக்கேல் வேண்டும் என்று அந்த நேரத்தில் நாம் சொல்லலாம். சொல்லாவிட்டால்? இனிட்டிபி திருப்பிக் கேட்காது. அந்தக் கம்ப்யூட்டரில் அந்த நேரத்தில் என்ன மொழி அமைப்பு இருக்கிறதோ, அதைத் தானே எடுத்துக்கொள்ளும். எதை எடுத்துக்கொண்டது என்று திரையில் ஒரு வரி காட்டும். அந்த வரியை யார் படிக்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. பல இடங்களில் இன்ஸ்டாலரே பின்னணியில் இனிட்டிபியை ஓட்டிவிடுவதால், அந்த வரி கண்ணிலேயே படுவதில்லை.

இதனால் ஒருவருடைய சொந்த லேப்டாப்பில் 'ஆங்கிலம் – இந்தியா', அலுவலக சர்வரில் 'ஆங்கிலம் – அமெரிக்கா', கிளவுடில் எடுத்த புதிய இயந்திரத்தில் எந்த மொழியும் இல்லாத 'சி' என, ஒரே மென்பொருள் மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பிறக்கலாம். "என் மெஷின்ல சரியாதானே வருது" என்ற புகழ்பெற்ற வசனத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த 'சி' லோக்கேலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எந்த மொழி அமைப்பும் இல்லாத கம்ப்யூட்டரில் இனிட்டிபி இதைத்தான் எடுத்துக்கொள்ளும். அதோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். எழுத்துகளை எப்படிச் சேமிப்பது என்ற குறிமுறையை நாம் சொல்லாவிட்டால், யுடிஎஃப்-8-க்குப் பதிலாக 'எஸ்க்யூஎல் ஆஸ்கி' என்ற முறை அமைந்துவிடும். அதில் எழுத்து என்ற கணக்கே கிடையாது. பைட் கணக்கு மட்டும்தான்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக, சரியாக அமைந்த டேட்டாபேஸ் இந்தச் சொல்லின் நீளம் 5 என்று சொல்லும். 'எஸ்க்யூஎல் ஆஸ்கி' டேட்டாபேஸ் 15 என்று சொல்லும். முதல் நான்கை மட்டும் வெட்டித் தா என்றால், 'ம'-வின் நடுவில் கத்தியை வைத்து உடைந்த குப்பையைக் கையில் கொடுக்கும்.

வரிசை என்றால் ஒன்றுதானே?

இல்லை. இங்கேதான் ஒவ்வொரு மொழியும் தன் குணத்தைக் காட்டுகிறது.

ஸ்வீடன் மொழியில் மேலே இரட்டைப் புள்ளி வைத்த 'ஓ' அகர வரிசையின் கடைசி எழுத்து. அதே எழுத்தை ஜெர்மன் அகராதிகள் சாதாரண 'ஓ'-வோடு சேர்த்து வைக்கின்றன. டென்மார்க்கில் இரண்டு 'ஏ' சேர்ந்து வந்தால் அது அவர்கள் வரிசையின் கடைசி எழுத்துக்குச் சமம். அதனால் ஆர்ஹுஸ் என்ற அவர்களுடைய பெரிய நகரம், ஊர்ப் பட்டியலின் முதலில் வராமல் கடைசிக்குப் போய்விடும். செக் மொழியில் 'சி', 'எச்' இரண்டும் சேர்ந்தால் தனி எழுத்து. அது 'எச்'-க்குப் பிறகு வரும்.

விதிகள் காலத்தோடும் மாறும். ஸ்பானிய மொழியிலும் 'சி-எச்' கூட்டு, இரட்டை 'எல்' ஆகியவற்றை அகராதிகளில் தனி எழுத்துகளாக வரிசைப்படுத்துவது வழக்கமாக இருந்தது. 1994-ல் ஸ்பானிய மொழிக் கழகங்கள் கூடி அந்த வழக்கத்தைக் கைவிட்டன.

ஆங்கிலத்திலேயே குழப்பம் உண்டு. 'சி' லோக்கேலில் பெரிய எழுத்துகள் எல்லாம் முதலில், சிறிய எழுத்துகள் பிறகு. எனவே பெரிய 'பி'-யில் தொடங்கும் பனானா, சிறிய 'ஏ'-யில் தொடங்கும் ஆப்பிளுக்கு முன்னால் வந்து நிற்கும். 'ஆங்கிலம் – அமெரிக்கா' லோக்கேலில் அகராதியில் இருப்பதுபோல ஆப்பிள்தான் முதலில்.

எழுத்து வகையிலும் இப்படித்தான். துருக்கிய மொழியில் புள்ளியுள்ள 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' என இரண்டு தனித்தனி எழுத்துகள். அந்த லோக்கேலில் சிறிய 'ஐ'-யைப் பெரிய எழுத்தாக்கச் சொன்னால், மேலே புள்ளியோடுதான் வரும். பயனர் பெயரைப் பெரிய எழுத்தாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் அங்கே தடுமாறுவது மென்பொருள் உலகில் எல்லோரும் அறிந்த கதை.

தமிழுக்கு என்ன சிக்கல்?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. அந்தத் தலைவலி இல்லை. ஆனால், வரிசையில் பெரிய தலைவலி இருக்கிறது.

யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்தின் 1988-ம் ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றியே தமிழின் எண்கள் அமைந்தன. அந்தப் பொது வரிசையில் 'ந'-வுக்கு அடுத்த இடம் 'ன'-வுக்கு, 'ர'-வுக்கு அடுத்த இடம் 'ற'-வுக்கு, 'ள'-வுக்கு அடுத்த இடம் 'ழ'-வுக்கு. 'ஜ' என்ற கிரந்த எழுத்து 'ச'-வுக்கும் 'ஞ'-வுக்கும் நடுவில். நாம் பள்ளியில் படித்த வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடியும். கிரந்த எழுத்துகள் அதற்கும் பிறகு.

'சி' லோக்கேல் மொழி எதையும் பார்க்காது. எண்ணை மட்டுமே பார்த்து வரிசைப்படுத்தும். விளைவு என்ன?

அகராதிப்படி இப்படி வர வேண்டும்: மகள், மணி, மதி, மயில், மரம், மலர், மழை, மனம்.

எண் வரிசைப்படி இப்படி வரும்: மகள், மணி, மதி, மனம், மயில், மரம், மலர், மழை.

கடைசியில் இருக்க வேண்டிய 'மனம்' நான்காவது இடத்துக்குத் தாவிவிட்டது. வகுப்புப் பட்டியலில் சரண்யாவுக்கும் தமிழ்ச்செல்விக்கும் நடுவில் ஜமுனா வந்து உட்கார்ந்துகொள்வதும் இதனால்தான்.

புள்ளி வைத்த எழுத்துகளிலும் இதே கதை. அகராதியில் பக்கம், பகல், பகுதி என்றுதான் வரும். மெய்யெழுத்துக்குப் பிறகே உயிர்மெய். ஆனால், யூனிகோடில் புள்ளியின் எண், உயிர்மெய்க் குறிகளின் எண்களைத் தாண்டி இருக்கிறது. அதனால் எண் வரிசை பகல், பகுதி, பக்கம் என்று தலைகீழாகக் கொடுக்கும்.

நூலகப் பட்டியலோ, மாணவர் பட்டியலோ, அச்சாகி வந்தபின் "அகர வரிசையே தப்பா இருக்கே" என்று யாராவது சொன்னால், தமிழ் தட்டச்சு செய்தவர்மீதுதான் முதலில் பழி விழும். உண்மையில் அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெரியவரின் பதிவு ஏன் காணாமல் போனது?

வரிசை தப்பினால் பட்டியல் அசிங்கமாக இருக்கும், சரி. பதிவே எப்படிக் காணாமல் போகும்? இதற்கு 'இண்டெக்ஸ்' என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அகராதியில் 'மயில்' என்ற சொல்லைத் தேடும்போது முதல் பக்கத்திலிருந்து யாரும் படிப்பதில்லை. நடுவில் திறக்கிறோம். 'த' வருகிறதா? அப்படியானால் 'ம' வலப்பக்கம். இன்னும் கொஞ்சம் தள்ளித் திறக்கிறோம். 'வ' வந்துவிட்டதா? திரும்ப இடப்பக்கம். நான்கைந்து முறை புரட்டுவதற்குள் சொல் கைக்கு வந்துவிடும். டேட்டாபேஸ் இண்டெக்ஸும் இதே உத்திதான். லட்சக்கணக்கான பதிவுகளில் ஒன்றை நொடிக்குள் எடுப்பது இப்படித்தான்.

இந்த உத்திக்கு ஒரு நிபந்தனை உண்டு. அகராதியை அடுக்கியவரும் அதில் தேடுபவரும் ஒரே அகர வரிசையை நம்ப வேண்டும். ஒருவர் 'ன'-வைக் கடைசியில் வைத்து அடுக்க, இன்னொருவர் 'ந'-வுக்குப் பக்கத்தில் தேடினால், இருக்கிற சொல் இல்லாத சொல்லாகிவிடும்.

போஸ்ட்கிரெஸ் இந்த வரிசை விதியைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை. பல ஆண்டுகளாக அது சாய்ந்து நிற்பது இயங்குதளத்தின்மீது. லினக்ஸில் 'ஜிலிப்சி' என்ற அடிப்படை மென்பொருள் நூலகம்தான் விதியைச் சொல்கிறது. "இந்த இரண்டு சொல்லில் எது முதலில்?" என்று போஸ்ட்கிரெஸ் கேட்கும், ஜிலிப்சி பதில் சொல்லும், அதன்படி இண்டெக்ஸ் அடுக்கப்படும். ஜிலிப்சி ஒருநாள் பதிலை மாற்றிச் சொன்னால்?

2018 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. நீண்ட காலமாகப் பழைய விதிகளோடு இருந்த ஜிலிப்சி, 2.28 என்ற பதிப்பில் ஐஎஸ்ஓ 14651 என்ற சர்வதேச வரிசைத் தரத்தின் 2016-ம் ஆண்டுப் பதிப்புக்கு மாறியது. மொழிகளைச் சரியாகக் கையாள்வதற்காகச் செய்த நல்ல மாற்றம்தான். ஆனால், பல லோக்கேல்களில் வரிசை மாறிவிட்டது.

இதைக் காட்ட போஸ்ட்கிரெஸ் உலகில் சொல்லப்படும் எளிய உதாரணம் இரண்டே இரண்டு மதிப்புகள்: '1-1', '11'. அமெரிக்க ஆங்கில லோக்கேலில் பழைய ஜிலிப்சி 11-ஐ முதலிலும் 1-1-ஐ அடுத்தும் வைக்கும். புதியது 1-1-ஐ முதலில் வைக்கும். நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டுக்கு என்ன மதிப்பு என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது பேரூராட்சிக்குத் திரும்புவோம். பெரியவரின் எண் 11. அதே ஊரில் இன்னொரு வீட்டின் எண் 1-1. கோடு போட்ட எண்களும் இருப்பதால் அந்தப் பட்டியலில் எல்லா எண்களும் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன. பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸில் 11 இடப்பக்கம், 1-1 வலப்பக்கம். சனிக்கிழமை இரவு விதி மாறிவிட்டது. திங்கள் காலை 11-ஐத் தேடும்போது டேட்டாபேஸ் நடுவில் திறந்து 1-1-ஐப் பார்க்கிறது. புதிய விதிப்படி 11 இதற்குப் பிறகுதான் வர வேண்டும். எனவே வலப்பக்கம் போகிறது. பெரியவரின் பதிவோ இடப்பக்கம் இருக்கிறது. 'இல்லை' என்ற பதில் வந்துவிடுகிறது.

புதிதாக 11-ஐச் சேர்க்கும்போது "ஏற்கெனவே இருக்கிறதா?" என்று பார்ப்பதும் இதே இண்டெக்ஸ்தான். அதே தவறான திசையில் போய், அதே 'இல்லை' என்ற பதில். இரட்டைப் பதிவுக்குக் கதவு திறந்துவிடுகிறது. இதில் எங்கேயும் ஒரு பிழைச்செய்திகூட வராது என்பதுதான் கொடுமை.

எந்தெந்த அப்டேட்டில் இது நடக்கும்?

டெபியன் 9-லிருந்து 10-க்குப் போனவர்கள், ரெட் ஹேட் 7-லிருந்து 8-க்குப் போனவர்கள், உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்குப் போனவர்கள் எல்லோரும் இந்த 2.28 கோட்டைத் தாண்டியவர்கள். டேட்டா கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றியிருந்தால் ஆபத்து உண்டு.

இன்னும் இரண்டு வழிகளிலும் இதே பள்ளத்தில் விழலாம். ஒன்று, முதன்மை சர்வர் பழைய லினக்ஸிலும், அதன் நேரடி நகலான துணை சர்வர் புதிய லினக்ஸிலும் ஓடுவது. நகல், பைட்டுக்கு பைட் சரியாகத்தான் இருக்கும்; துணை சர்வரில் தேடினால் மட்டும் பதில் தப்பாக வரலாம்.

இரண்டாவது, டாக்கர். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் டெபியன் அடிப்படையிலும் கிடைக்கிறது, ஆல்பைன் அடிப்படையிலும் கிடைக்கிறது. ஆல்பைனில் ஜிலிப்சியே கிடையாது. 'மசல்' என்ற வேறு நூலகம். அதில் மொழிவாரி வரிசை விதிகள் இல்லை. "ஆல்பைன் சைஸ் கம்மி, அதுக்கு மாறிடலாம்" என்று பழைய டேட்டாவை அப்படியே புதிய இமேஜில் மாட்டினால், ஒரே வரி மாற்றத்தில் வரிசை விதி முழுக்க மாறிப்போகும்.

எண்ணாகவே சேமித்த மதிப்புகள், தேதிகள் ஆகியவற்றின் இண்டெக்ஸுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. 'சி' கொலேஷனில் அடுக்கிய இண்டெக்ஸ்களும் தப்பித்துவிடும். எழுத்துகளை மொழி விதிப்படி அடுக்கியவைதான் மாட்டிக்கொள்ளும்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய நாட்களில் இந்தக் கேள்வி இன்னும் கடினமாக இருந்தது. இனிட்டிபியின்போது வைத்த வரிசைதான் அந்த சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸுக்கும். 2009-ல் வந்த 8.4 பதிப்பில்தான் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி லோக்கேல் வந்தது. 2011-ல் வந்த 9.1 பதிப்பில் ஒவ்வொரு பத்திக்கும் தனி வரிசை வைக்க முடிந்தது. இன்றைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வழக்கம்போல இயங்குதளத்தின் லோக்கேல். எளிது, ஆனால், லினக்ஸை மாற்றும்போதெல்லாம் மேலே சொன்ன ஆபத்து பின்னாலேயே வரும். இன்னொரு விலையும் உண்டு. 'முரு' என்று தொடங்கும் பெயர்களையெல்லாம் எடு என்பது போன்ற தேடலுக்கு, 'சி' அல்லாத லோக்கேலில் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அதற்கெனத் தனி வகை இண்டெக்ஸ் போட வேண்டும்.

இரண்டாவது வழி, ஐசியூ. மருத்துவமனை ஐசியூ அல்ல. யூனிகோட் விதிகளைச் செயல்படுத்தும் மென்பொருள் நூலகம். எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பது இதன் பலம். 2017-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து இதைப் பயன்படுத்தலாம்; 2022-ல் வந்த 15-லிருந்து முழு டேட்டாபேஸுக்கும் இதையே அடிப்படையாக வைக்கலாம். தமிழுக்கும் இதில் தனி விதி உண்டு. ஆனால், ஐசியூவும் பதிப்பு மாறும்போது வரிசையை மாற்றலாம். ஆபத்து குறைகிறதே தவிர, முழுக்கப் போய்விடுவதில்லை.

மூன்றாவது வழி, 2024-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 17-ல் அறிமுகமானது. வரிசை விதியை போஸ்ட்கிரெஸே தனக்குள் வைத்துக்கொள்ளும். இதில் 'சி.யுடிஎஃப்-8' என்ற லோக்கேல் யூனிகோட் எண் வரிசைப்படியே அடுக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றங்களும் யூனிகோட் படி சரியாக நடக்கும். அடியில் லினக்ஸ் மாறினாலும் வரிசை மாறாது. குறை ஒன்றுதான்: 'மனம்' நான்காவது இடத்துக்குத் தாவும் அதே சிக்கல் இதிலும் உண்டு.

இரண்டையும் சேர்த்துக்கொள்ள முடியுமா? முடியும். டேட்டாபேஸ் முழுக்க மாறாத எண் வரிசையை வைத்துக்கொண்டு, மனிதர்கள் படிக்கப்போகும் பட்டியலை எடுக்கும்போது மட்டும் "தமிழ் ஐசியூ விதிப்படி வரிசைப்படுத்து" என்று அந்தக் கேள்வியிலேயே சொல்லிவிடலாம். வரிவிதிப்பு எண், ஈமெயில் போன்றவற்றுக்கு அகராதி வரிசை எதற்கு? அவை பத்திரமாகக் கிடைத்தால் போதும். பெயர்ப் பட்டியலுக்குத்தான் அகராதி வரிசை வேண்டும். அதை அச்சடிக்கும் நேரத்தில் செய்துகொள்ளலாம்.

எந்த வழியை எடுத்தாலும், குறிமுறை யுடிஎஃப்-8 என்பதை இனிட்டிபிக்கு வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. லோக்கேலையும் அப்படியே. சொல்லாமல் விட்டால் கம்ப்யூட்டர் தானே ஒன்றை முடிவு செய்துகொள்ளும்.

தொடங்கிய கையோடு ஒரு சின்னச் சோதனையும் செய்து பார்க்கலாம். பகுதி, மனம், பக்கம், மழை, பகல் என்று ஐந்து சொற்களைப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். 'பக்கம்' முதலிலும் 'மனம்' கடைசியிலும் வந்தால் தமிழ் விதி வேலை செய்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 5 என்று வந்தால் குறிமுறையும் சரி. டேட்டாபேஸ் காலியாக இருக்கும்போது இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே, என்ன செய்வது?

முதலில் பார்க்க வேண்டியது, எந்த லோக்கேலில் ஓடுகிறது என்பதை. போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையில் டேட்டாபேஸ் பட்டியலைக் கேட்டாலே, ஒவ்வொன்றின் குறிமுறை, கொலேஷன், எழுத்து வகை மூன்றையும் காட்டிவிடும்.

போஸ்ட்கிரெஸ் 15 முதல், ஒவ்வொரு டேட்டாபேஸும் எந்தப் பதிப்பு வரிசை விதியில் உருவானது என்பதும் குறித்து வைக்கப்படுகிறது. அடியில் விதியின் பதிப்பு மாறியிருந்தால், டேட்டாபேஸில் நுழையும்போதே எச்சரிக்கை வரும். இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 'பதிப்பைப் புதுப்பி' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஓட்டினால் எச்சரிக்கை நின்றுவிடும். ஆனால், அந்தக் கட்டளை பதிப்பு எண்ணை மட்டுமே மாற்றும். தப்பாக அடுக்கிய இண்டெக்ஸைத் தொடாது. தீ அப்படியே எரிய, அலாரத்தை மட்டும் அணைத்தது போலத்தான்.

சரியான வரிசை இது. முதலில் 'ஆம்செக்' என்ற துணைக் கருவியால் இண்டெக்ஸ்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். இரட்டைப் பதிவுகள் நுழைந்திருந்தால், எது உண்மை, எது போலி என்று பார்த்து அவற்றைச் சரிசெய்ய வேண்டும். இரட்டைகள் இருக்கும்வரை தனித்துவ இண்டெக்ஸை மறுபடி கட்ட முடியாது. பிறகு 'ரீஇண்டெக்ஸ்' கட்டளையால் எழுத்து சார்ந்த இண்டெக்ஸ்களை எல்லாம் புதிய விதிப்படி திரும்பக் கட்ட வேண்டும். கடைசியாகத்தான் பதிப்பைப் புதுப்பிக்க வேண்டும். எழுத்து வரிசையின் அடிப்படையில் அட்டவணையைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. தவறான பகுதியில் உட்கார்ந்துவிட்ட பதிவை ரீஇண்டெக்ஸ் இடம் மாற்றாது.

லோக்கேலே தப்பு, அதையே மாற்ற வேண்டும் என்றால், சரியான லோக்கேலோடு வெற்று அச்சிலிருந்து புதிய டேட்டாபேஸை உருவாக்கி, பழையதை முழுக்கப் பிரதியெடுத்து அதில் ஏற்ற வேண்டும். அப்போது இண்டெக்ஸ்கள் எல்லாம் புதிதாகவே கட்டப்படும். சேவையை நிறுத்த முடியாத பெரிய அமைப்புகள், பதிவுகளை ஒவ்வொன்றாகப் புதிய சர்வருக்கு அனுப்பும் 'லாஜிக்கல் ரெப்ளிகேஷன்' வழியில் மெல்ல மெல்லக் குடிமாறலாம். லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போதும் இந்த இரண்டில் ஒரு வழியில் போவதே பாதுகாப்பானது.

பேரூராட்சிப் பெரியவரின் பதிவையும் இப்படி மீட்டுவிடலாம். இண்டெக்ஸைத் திரும்பக் கட்டினால் 11 மறுபடி கண்ணில் படும். ஆனால், அதற்கு முன் அந்தத் திங்கள்கிழமை புதிதாகப் போட்ட பூஜ்யக் கணக்கு எது, பத்து ஆண்டுப் பழைய கணக்கு எது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். இடையில் எத்தனை நாள் போயிருக்கிறதோ, அத்தனை நாள் ரசீதுகளும் சேர்ந்திருக்கும். அதைக் கட்டளை எதுவும் செய்து தராது.

எனவே, அடுத்த முறை சர்வர் மாற்றம் பற்றி யாராவது பேச்செடுத்தால், வேலையைத் தொடங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுவிடுவது நல்லது. இந்த டேட்டாபேஸின் லோக்கேல் என்ன? அதன் வரிசை விதி எங்கிருந்து வருகிறது? புதிய இடத்திலும் அதே விதிதானா? பதில் தெரியவில்லை என்றால், சனிக்கிழமை இரவு வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தாலும் தப்பில்லை.